மறைபரப்பு ஞாயிறை அன்பியங்களின் கையில் கொடுங்கள்: பங்குப்பேரவையினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பங்குகளின் பேரவைத் துணைத்தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் பொருளாளர்களுக்கும், பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுக்களான அன்பியங்களின் ஒருங்கிணைப்பாளர்கள் அனைவருக்கும்,

கிறிஸ்துவில் அன்பு வணக்கம்.

உலகெங்கும் மறைபணிக்காகச் செபித்துக் காணிக்கை சேர்க்கும் மறைபரப்பு ஞாயிறு, 2026-இல் அக்டோபர் 18 அன்று வருகிறது. திருத்தந்தை பதினோராம் பியூஸ் இந்த நாளை ஏற்படுத்தியது 1926-இல். நூறு ஆண்டு நிறைகிறது. இதையொட்டி உங்கள் பேரவை கூடும்போது பேச்சு பெரும்பாலும் எங்கே தொடங்கும் என்பது உங்களுக்கே தெரியும்: போன வருடம் எவ்வளவு வந்தது, இந்த வருடம் எவ்வளவு இலக்கு, எந்த அன்பியத்துக்கு எந்தக் கடை. அந்தக் கூட்டத்துக்கு முன்பே உங்கள் காதில் ஒன்றைப் போட்டுவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறோம். மறைபரப்பை ஒரு நாள் வசூலாக வைக்காதீர்கள். ஆண்டு முழுவதும் பத்துப் பத்துப் பேராகச் சேர்ந்து செய்யும் வேலையாக அதை அன்பியங்களிடம் ஒப்படையுங்கள். அக்டோபர் ஞாயிறு அந்த வேலையின் கணக்கை ஆண்டவர்முன் வைக்கும் நாளாக இருக்கட்டும்.

இப்போது நடப்பது என்ன? திருப்பலி முடிந்ததும் முற்றத்தில் ஏலம். வீட்டில் காய்த்த பூசணி, ஒரு குலை வாழை, நாட்டுக்கோழி, முதல் ஈற்றுக் கன்று. நூறு ரூபாய்ப் பூசணி ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. ஒரு பக்கம் பஜ்ஜிக் கடை, இன்னொரு பக்கம் பிள்ளைகளுக்கான விளையாட்டுகள். ஊர் கூடிச் சிரிக்கிறது. அது நல்லதே, அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஏலத்தில் குரல் கொடுக்க முடிந்தவர் யார்? பத்துப் பதினைந்து பேர். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். தினக்கூலிக்குப் போகும் அம்மா உறையில் போட்ட இருபது ரூபாய்க்கு ஒலிபெருக்கியில் இடமில்லை. இலக்கை எட்ட சில ஊர்களில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுகிறார்கள். அந்த நிமிடமே காணிக்கை வரியாகிவிடுகிறது. திருவிழா வரி பாக்கி வைத்திருக்கும் குடும்பம் அன்றைக்குக் கோயிலுக்கே வராமல் இருந்துவிடுகிறது.

மறைபரப்புக்கு மக்களிடம் காணிக்கை சேர்க்கும் முறை இப்படித் தொடங்கவில்லை. பிரான்சின் லியோன் நகரில் பவுலின் ஜாரிகோ என்ற இளம்பெண், குருவானவரும் அல்ல, துறவியும் அல்ல, பட்டு ஆலைத் தொழிலாளர்களைப் பத்துப் பேராகச் சேர்த்தார். ஆளுக்கு வாரம் ஒரு சூ, அதாவது அந்நாட்டின் ஒரு சிறிய செப்புக் காசு. கூடவே ஒரு சிறு செபம். பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர். அப்படிப் பத்துப் பொறுப்பாளர்களுக்கு ஒருவர். அதற்கு மேல் நூறு, ஆயிரம். 1822 மே 3-இல் இது விசுவாசப் பரப்புதல் சபையாக உருவெடுத்தது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1922 மே 3-இல், திருத்தந்தையின் பொறுப்பில் இயங்கும் பாப்பிறைச் சபையாக உயர்த்தப்பட்டது. 2022 மே 22-இல் ஜாரிகோ அருளாளராக அறிவிக்கப்பட்டார். தொடக்கத்தில் அவர் மனத்தில் இருந்தவை பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையின் பணித்தளங்கள். அந்தச் சபையின் குருக்கள்தாம் 1776 முதல் நம் புதுச்சேரி மிஷனை நடத்தினார்கள். பட்டறைத் தொழிலாளிகளின் செப்புக் காசில் வளர்ந்த மறைபணிகளின் வரிசையில் நாமும் இருக்கிறோம் என்பதை உங்கள் பேரவையில் ஒருமுறை சொல்லுங்கள்.

இந்தப் பத்துப் பேர் முறையை அன்பியத்தில் வைப்பது கடினமல்ல. ஓர் அன்பியத்தில் 25 குடும்பம், ஏறக்குறைய நூறு பேர் என்று வையுங்கள். பாதிப் பேர் சேர்ந்தாலே ஐந்து பத்துகள் ஆகும். ஆளுக்கு வாரம் பத்து ரூபாய் என்றால் ஒருவருக்கு ஆண்டுக்கு 520, ஒரு பத்துக்கு 5,200, அன்பியத்துக்கு 26,000. பன்னிரண்டு அன்பியம் உள்ள பங்கில் 3,12,000 ரூபாய். எந்த ஏலமும் இல்லாமல், யாரும் பிறர்முன் தலைகுனியாமல் சேரும் தொகை இது. ஆனாலும் தொகையை முதலில் சொல்லி ஆள் சேர்க்காதீர்கள். காசு தர முடியாதவர் செபத்தோடு மட்டும் பத்தில் ஒருவராக இருக்கலாம். அவர் முழு உறுப்பினரே. இதை வெளிப்படையாக அறிவித்தால்தான் வீட்டோடு கிடக்கும் முதியவர்களும் நோயாளிகளும் வருவார்கள். விடாமல் செபிப்பவர்களும் அவர்களே.

சேர்ப்பது ஆளையே, வீட்டையல்ல. இதை அழுத்திச் சொல்கிறோம். வீட்டுக்கணக்கில் சேர்த்தால் அப்பா பணம் கொடுப்பார், வீடு மறந்துவிடும். அது மீண்டும் தலைக்கட்டுதான். ஒரே வீட்டில் பாட்டி ஒரு பத்திலும் பேரன் வேறொரு பத்திலும் இருப்பது நல்லது. பொறுப்பாளருக்கு வேண்டியது ஒரு பக்கம் கோடு போட்ட நோட்டு: இடப்பக்கம் பத்துப் பெயர், மேலே வாரங்கள். கட்டத்தில் போடுவது ‘டிக்’ மட்டும்; தொகை எழுதக் கூடாது. தொகை எழுதினால் ஒப்பீடு வரும், ஒப்பீடு வந்தால் குறைவாகக் கொடுப்பவர் மெல்ல விலகிவிடுவார். மாதம் ஒருமுறை மொத்தத் தொகையை அன்பியப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கினால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளர் மாற வேண்டும்.

எங்கே பழுதாகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். “ரெண்டு மாசத்துக்கும் சேர்த்துக் கொடுத்துடறேன்” என்று ஒருவர் தொடங்கினால் மற்றவர்களும் பின்பற்றுவார்கள். பணம் வந்துவிடும், வாரச் சந்திப்பு போய்விடும். வாசலில் நின்று இரண்டு நிமிடம் பேசி, “இந்த வாரம் யாருக்காகச் செபிக்கிறோம்” என்று சொல்லிவிட்டுப் போகும் அந்தச் சந்திப்புதான் இந்த முறையின் உயிர். ஜிபே எண்ணைக் குழுவில் போட்டாலும் இதே கதைதான். வளைகுடாவில் வேலை செய்பவருக்கு அது சரி. அடுத்த தெருக்காரருக்கு வேண்டாம்.

இதைவிடப் பெரிய பழுது ஒன்று உண்டு. நாம் அதிகம் பேசாதது. அன்பிய எல்லைகள் தெருக்களை வைத்துப் போடப்பட்டவை. பல ஊர்களில் தெரு என்றால் சாதி. பத்துகளும் அப்படியே அமைந்துவிட்டால், சிலுவையைப் பொதுவில் வைத்துக்கொண்டு பிரிவினையை இன்னும் சிறு துண்டுகளாக நறுக்கியவர்கள் ஆவோம். ஒவ்வொரு பத்திலும் குறைந்தது இரண்டு தெருக்காரர்கள் இருக்க வேண்டும் என்று பேரவை தீர்மானமே போடலாம். எதிர்ப்பு வரும். வந்தாலும் அந்தத் தீர்மானத்தைக் கைவிடாதீர்கள்.

அன்பியக் கூட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பணி பிறக்க வேண்டிய இடம் அதுதான். தென்னாப்பிரிக்காவின் லும்கோ மையத்திலிருந்து வந்த ஏழு படி நற்செய்திப் பகிர்வைத்தான் பெரும்பாலான அன்பியங்கள் பின்பற்றுகின்றன: ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தைத் தொட்ட சொல்லை மூன்று முறை சொல்லுதல், மௌனம், பகிர்தல், செயல்திட்டம், மன்றாட்டு. இதில் விழுந்துபோவது ஆறாவது படி. ஏழரைக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் எட்டுக்குத் தொடங்கும். ஐந்தாம் படியில் ஒருவர் பகிர்தலைப் பிரசங்கமாக்கி இருபது நிமிடம் எடுப்பார். அதற்குள் அடுப்படியில் டீ தயாராகிவிடும். ஒருங்கிணைப்பாளர் ஆறைத் தாண்டி நேராக மன்றாட்டுக்குப் போவார். ஆறாவது படி இல்லாத அன்பியம் செபக்கூட்டம் மட்டுமே. அதில் மறைபரப்பு இல்லை.

ஒரு மணி நேரத்தில் ஆறாவது படிக்கு மட்டும் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள், கடிகாரத்தைப் பார்த்து. பகிர்தலில் ஆளுக்கு இரண்டு நிமிடம். “நாம்” என்று அல்ல, “நான்” என்று பேசச் சொன்னாலே பிரசங்கம் பாதி குறையும். செயல்திட்டம் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: என்ன செய்யப் போகிறோம், யார், எப்போதுக்குள். “நோயாளிகளைச் சந்திப்போம்” என்பது திட்டமல்ல. “மூன்றாம் தெருவில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவை வியாழன் மாலை இந்த இருவர் பார்த்துவிட்டு, நற்கருணை வேண்டுமா என்று கேட்டுப் பங்குத்தந்தையிடம் சொல்வார்கள்” என்பது திட்டம். அடுத்த கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் அதன் அறிக்கைக்கு. அறிக்கை கேட்கப்படும் என்று தெரிந்தால்தான் வேலை நடக்கும்.

பணிக்கு ஆட்கள் எங்கே என்று தேட வேண்டியதில்லை. ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர், அசாம் பகுதிகளிலிருந்து திருப்பூருக்கும் கோவைக்கும் திருப்பெரும்புதூருக்கும் வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்களில் கத்தோலிக்கர்களும் இருக்கிறார்கள். ஜார்க்கண்டை ஒட்டிய சோட்டாநாக்பூரில் 1885-இல் பணி தொடங்கிய பெல்ஜிய இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் வழி வந்த திருஅவையின் பிள்ளைகள் அவர்களில் பலர். நம் கோயிலின் கடைசி வரிசையில் நின்று மொழி புரியாமல் திருப்பலி கண்டுவிட்டுப் போகிறார்கள், அல்லது வருவதே இல்லை. அறிவிப்புப் பலகையில் இந்தி ஒட்டி அவர்களை அழைக்க முடியாது. லைன் வீடுகளின் உரிமையாளர்கள் நம் அன்பியத்துக்காரர்களாகவே இருப்பார்கள்; அவர்களைக் கேளுங்கள், எந்த அறையில் யார் என்று சொல்வார்கள். நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பவர்களுக்குக் காலை ஏழு மணித் திருப்பலி ஒத்துவராது. மாதம் ஒரு ஞாயிறு மாலை என்று தொடங்கி, வாசகத்தையும் பாடலையும் அவர்களிடமே கொடுங்கள். அவர்களுக்காக நாம் நடத்தும் கூட்டமாக இருந்தால் இரண்டாம் மாதம் பாதியாகும்; அவர்களே நடத்துவதாக இருந்தால் நிற்கும். திருமணம் என்று வரும்போது ஊர்ப் பங்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுத்த திருமுழுக்குச் சான்றிதழும், மணம் முடிக்கத் தடையில்லை என்று காட்டும் தனிநிலைச் சான்றும் வேண்டும். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அதை வரவழைத்துத் தர அன்பியத்தில் ஒருவர் பொறுப்பேற்றால் அதுவும் மறைபணிதான்.

எதிர்த்திசையிலும் ஒரு கடன் இருக்கிறது. நம் பங்குகளில் பிறந்து வடக்கிலும் வடகிழக்கிலும் ஆப்பிரிக்காவிலும் உழைக்கும் அருள்பணியாளர்கள், அருள்சகோதரிகள் எத்தனை பேர் என்று பேரவைச் செயலரைக் கேட்டால் பல இடங்களில் பதில் வராது. ஒரு பதிவேடு திறங்கள்: பெயர், சபை, பணியிடம், அங்கே பேசும் மொழி, பிறந்த நாள். ஒவ்வொரு பத்தும் ஒருவரைத் தத்தெடுக்கட்டும்; மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு, கிறிஸ்துமஸுக்குக் கையால் எழுதிய ஒரு கடிதம். விடுமுறைக்கு வந்தால் ஞாயிறு மறையுரையோடு அனுப்பிவிடாமல் ஓர் அன்பியக் கூட்டத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். மொழி கற்றது எப்படி, எது இன்னும் புரியவில்லை, என்ன சாப்பிடுகிறார்கள், யார் துணை என்று கேளுங்கள். வறுமைப் படங்களைக் கேட்காதீர்கள். அந்த மக்களும் கண்ணியம் உள்ளவர்கள்.

குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினர் கையில் மறைபரப்பு என்பது நமக்குப் புதிதே அல்ல. 1542-இல் தூத்துக்குடிப் பகுதிக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளை என்று ஒருவரை ஏற்படுத்தினார். பிள்ளைகளைக் கூட்டிச் செபங்கள் சொல்லித் தருவதும், சாகும் நிலையில் இருக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதும் அவர்கள் வேலை. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க, போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கு என்று இக்கடற்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 ‘பணம்’ என்ற அக்கால நாணயங்களைக் கேட்டுப் பெற்றார். சவேரியார் போன பிறகும் கரையோர ஊர்களில் செபம் நின்றுபோகாததற்கு அந்தக் கணக்கப்பிள்ளைகள் பெரிய காரணம். யாழ்ப்பாணத்தை 1658-இல் டச்சுக்காரர் பிடித்துக் குருக்களை விரட்டினர். புனித யோசேப் வாஸ் 1687-இல் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வீடுகளில்தான் விசுவாசம் தங்கியிருந்தது. 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயமும் பொதுநிலையினர். பழைய உபதேசியார் பணி பல கிளைப்பங்குகளில் நின்றுபோனபின், பங்குத்தந்தை வராத ஞாயிறு வெறும் ஞாயிறாகிவிட்டது. 2021 மே 10-இல் திருத்தந்தை பிரான்சிஸ், மறைக்கல்வி கற்பிக்கும் வேதியர் பணியைத் திருஅவையின் நிலையான பணியாக ஏற்படுத்தியிருக்கிறார். உங்கள் மறைபரப்பு நிதியில் ஒரு பகுதியை, ஒவ்வொரு கிளைப்பங்கிலிருந்தும் ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் வேதியர் பயிற்சிக்கு அனுப்பச் செலவிடலாமா என்று மறைமாவட்டத்தைக் கேளுங்கள். ஆனால் இது அக்டோபர் ஞாயிறு காணிக்கையிலிருந்து அல்ல, தனி நிதியிலிருந்து. காரணத்தை அடுத்துச் சொல்கிறோம்.

பணம். திருஅவைச் சட்டம் 1267 மூன்றாம் பிரிவு தெளிவாக இருக்கிறது: குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம். மறைபரப்பு ஞாயிறு என்று சொல்லி வாங்கியதில் கோயில் வர்ணத்துக்கோ மாதா கெபிக்கோ ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. அந்தக் காணிக்கை மறைமாவட்டம் வழியாகப் பாப்பிறை மறைபணிச் சபைகளுக்குப் போய், உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏழை மறைமாவட்டங்களுக்குப் பகிரப்படுவது. கடைகளில் வரும் குழப்பம் இங்கேதான். எண்ணெய், கேஸ், ஷாமியானா, ஒலிபெருக்கி வாடகை எல்லாம் வசூலிலிருந்தே கழிக்கப்படும். மீதி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. செலவை முன்கூட்டியே பங்கின் பொது நிதியிலிருந்தோ நன்கொடையாளரிடமிருந்தோ எடுத்துவிடுங்கள். கடையில் விழுந்த தொகை முழுவதும் மறைபரப்புக்கே போகட்டும். அன்றைக்கே, கோயில் வளாகத்திலேயே, ஒரே குடும்பத்தைச் சேராத மூன்று பேர் எண்ணி, தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இரவு யார் வீட்டிலும் பணம் தங்கக் கூடாது. பங்கு இல்லப் பெட்டகத்தில் வைத்துத் திங்கள் வங்கியில் செலுத்துங்கள். அடுத்த ஞாயிறு தொகையை அறிவியுங்கள். மறைமாவட்டத்துக்கு அனுப்பிய ரசீதின் நகலைப் பலகையில் ஒட்டுங்கள். மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம் 1287. யாரோ சந்தேகப்படுகிறார்கள் என்பதற்காகக் காட்டும் தயவல்ல இது.

பிள்ளைகளுக்கு ஏல மேடையில் இடம் வேண்டாம். ஆயர் ஃபோர்பின்-ஜான்சன் 1843-இல் சிறுவர் மறைபணிக்காகத் தொடங்கிய பாலர் சபையின் முறை எளிது: நாளுக்கு ஓர் அருள்நிறை மரியே, மாதத்துக்கு ஒரு சிறு காசு. மறைக்கல்வி வகுப்பில் ஓர் உலகப் படமும் ஐந்து நிற மறைபரப்புச் செபமாலையும் போதும். பச்சை ஆப்பிரிக்காவுக்கு, சிவப்பு அமெரிக்காவுக்கு, வெள்ளை ஐரோப்பாவுக்கு, நீலம் ஓசியானியாவுக்கு, மஞ்சள் நம் ஆசியாவுக்கு.

இன்னொன்று, மிகக் கவனமாக. பணி என்றால் ஆள் சேர்ப்பு என்று நினைப்பவர் நம்மிலும் உண்டு, வெளியிலும் உண்டு. யாரையும் கட்டாயப்படுத்தவோ தகாத வழிகளில் ஈர்க்கவோ கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மறைபரப்புப் பணி ஆவணம் 13-ஆம் எண்ணில் கண்டிப்பாகத் தடுக்கிறது. அரிசி கொடுத்துவிட்டுச் செபத்துக்கு வரச் சொல்லாதீர்கள். உதவி பெற்றவர் படத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பல மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கும் இந்த நாட்டில் அது அவருக்கே ஆபத்தாகலாம், அதற்கு முன்பே அது அவமானம். தானாக வந்து “எனக்கு இயேசுவைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்பவருக்கு அவசரம் காட்டாதீர்கள். பெரியவர்களுக்கான ஆயத்தம் படிப்படியாக, மாதக்கணக்கில் நடப்பது. தவறு பெரும்பாலும் அவர்கள் திருமுழுக்குப் பெறும் பாஸ்காத் திருவிழிப்புக்கு (உயிர்ப்புப் பெருவிழா இரவு வழிபாட்டுக்கு)ப் பிறகு நேர்கிறது: திருமுழுக்கு அன்று கைதட்டல், மாலை, படம், ஐம்பதாம் நாள் பெந்தகோஸ்தே வருவதற்குள் அவர் தனியாக நிற்கிறார், சொந்த வீட்டிலும் பழைய உறவு இல்லை, புது உறவும் வீடு தேடி வருவதில்லை. ஞானப்பெற்றோரோடு கூட, அன்பியத்தில் இரண்டு குடும்பங்களை முதல் ஓர் ஆண்டுக்குப் பெயர் சொல்லி நியமியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவரோடு சேர்ந்து நடந்து வருவது, கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு அழைப்பது, அவர் வீட்டுத் துக்கத்துக்குப் போவது: இவ்வளவுதான் வேலை.

நாள் இருக்கிறது. ஜூலைக்குள் பேரவைத் தீர்மானம், ஆகஸ்டில் ஒவ்வோர் அன்பியத்திலும் பத்துகள் அமைத்தல், செப்டம்பரில் பொறுப்பாளர்களுக்கு ஒரு மாலை நேரப் பயிற்சி, அக்டோபர் முதல் வாரத்தில் மறைபணியாளர் பதிவேடு. எல்லா அன்பியமும் ஒன்றாகத் தொடங்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆர்வமுள்ள இரண்டு அன்பியம் போதும், மற்றவை பார்த்துவிட்டு வரும். அக்டோபர் 18 காணிக்கைப் பவனியில் பூசணிக்கும் வாழைக்கும் முன்னால் அந்த ‘டிக்’ நோட்டுகளைப் பீடத்துக்குக் கொண்டுவரச் செய்யுங்கள். அன்று மாலையே அடுத்த ஆண்டு நோட்டுக்குக் கோடு போடத் தொடங்கலாம்.

இறைவேண்டலில் ஒன்றித்து,
மறைபரப்புப் பணியில் ஈடுபட்டுள்ள பொதுநிலையினர் சிலர்